முள் சாயாத மண்ணும் வாலப்ஸ் தீவும்

குறுகிய காலக் கல்விப் பயணம் என்பது பட்டம் பெறுவதற்காக அயல்நாட்டில் ஆண்டுக்கணக்கில் தங்குவதன்று. குறிப்பிட்ட ஒரு வேலையை அதில் தேர்ந்தவர்களின் அருகிலிருந்து கற்றுக்கொண்டு, சில வாரங்களிலோ சில மாதங்களிலோ ஊர் திரும்பி, கற்றதை உடனே கையாளும் நோக்கத்துடன் மேற்கொள்ளப்படும் பயணமே அப்பெயருக்கு உரியது. திருவனந்தபுரம் வட்டாரத்தின் வரலாற்றில் அத்தகைய பயணம் ஒன்று 1963ஆம் ஆண்டின் முற்பகுதியில் நிகழ்ந்தது. அதை மேற்கொண்டவர்களுள் ஒருவரான ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் பெயரை அறியாத தமிழர் இல்லை என்றாலும், அப்பயணம் ஏன் தேவைப்பட்டது என்பதும், அங்கே அவர்கள் உண்மையில் எதைக் கற்றார்கள் என்பதும் அவருடைய புகழின் வெளிச்சத்தில் மங்கிப்போயின.

காரணத்தைத் தேடத் தொடங்குவதற்குப் பொருத்தமான இடம் ஒற்றசேகரமங்கலம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் கிழக்கே, மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் எல்லைக் கிராமங்களுள் ஒன்றாகிய இவ்வூர், ரப்பர் தோட்டங்களும் மரச்சீனி விளைகளும் சூழ, நெய்யாற்றை ஒட்டி அமைந்திருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் சென்றன. ஆனால் இரு பக்கத்து மக்களும் கிழக்கே நிமிர்ந்தால் காண்பது ஒரே மலைத்தொடரைத்தான். நெய்யாறு பிறக்கும் அந்த அகத்தியமலையின் உச்சியில், 1855ஆம் ஆண்டில், ஜான் ஆலன் புரூன் என்னும் ஸ்காட்லாந்துக்கார அறிவியலாளர் காந்தமானிகளையும் வானிலைக் கருவிகளையும் கொண்டு ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். சுவாதித் திருநாள் மன்னர் 1837இல் தோற்றுவித்த திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் இயக்குநராக அவர் அப்போது இருந்தார். புவியின் காந்தம் சமதரையிலும் மலையுச்சியிலும் நாள்தோறும் எவ்வாறு மாறுகிறது என்பதை ஒப்பிட்டு அறிவதே அவருடைய நோக்கம். யானையும் அட்டையும் மழையும் நிறைந்த அக்காட்டில் அளவுகளை இடைவிடாமல் எடுக்கச் செய்த அவருடைய உழைப்பு, இந்த வட்டாரத்தின் அறிவியல் வரலாற்றில் இன்னும் பெரிதாகப் பேசப்பட வேண்டியது.

புரூன் இந்த மண்ணைப் பொருட்படுத்தியதற்கும், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் ராக்கெட் ஏவ இதே வட்டாரத்துக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கும் அடிப்படை ஒன்றே. மேலும் கீழும் அசையும்படி நடுவில் பொருத்தப்பட்ட காந்த ஊசி, வடக்கே செல்லச் செல்ல ஒரு முனை மண்ணை நோக்கிச் சாயும். தெற்கே சென்றால் மறுமுனை சாயும். எப்பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு காந்த நடுக்கோடு எனப்படுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து விலகியும், காலப்போக்கில் சற்றே நகர்ந்தும் செல்லும் அக்கோடு, 1960களில் திருவனந்தபுரத்துக்கு வடக்கேயுள்ள தும்பா என்னும் கடற்கரை ஊருக்கு மிக அருகே சென்றது. அக்கோட்டின் நேர்மேலே, ஏறத்தாழ 100 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் ஒரு வலிய மின்னோட்டம் குறுகிய பட்டையாகக் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்ந்து சுற்ற இயலாது. ஆகவே அதை நேரில் சென்று அளப்பதற்கு ஆய்வு ராக்கெட் ஒன்றே வழி. கடலின் ஆழத்தை அறிய மாலுமிகள் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கிப் பார்ப்பதுபோல, உயர்வானின் நிலையை அறியக் கருவிகளை மேலே அனுப்பிப் பார்ப்பதால் அது ஆங்கிலத்தில் ‘சவுண்டிங் ராக்கெட்’, அதாவது ஆழம் பார்க்கும் ராக்கெட், எனப்பட்டது. அது புவியைச் சுற்றுவதில்லை, மேலேறிச் சில நிமிடங்கள் அளந்து கடலில் விழுந்துவிடும்.

1962இல் அமைக்கப்பட்ட இந்திய தேசிய விண்வெளி ஆய்வுக் குழுவுக்குக் காந்த நடுக்கோட்டில் நிலம் கிடைத்தது. ராக்கெட்டும் கருவிகளும் அமெரிக்காவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வருவதாக இருந்தன. அவற்றைப் பொருத்தி, ஏவி, பின்தொடர்ந்து கண்காணிக்கத் தெரிந்தவர்கள்தாம் நாட்டில் இல்லை. இந்த வெற்றிடத்தை நிரப்பவே ஒரு சிறு குழுவினர் நாசாவுக்கு அனுப்பப்பட்டனர். பெங்களூரில் ‘நந்தி’ என்னும் காற்றுமெத்தை ஊர்தியை உருவாக்கிக்கொண்டிருந்த கலாமும், டிராம்பே அணுசக்தி நிலையத்தில் பணியாற்றி வந்த இரா. ஆராவமுதனும் அக்குழுவில் இருந்த தமிழர்கள். இருவரும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தவர்கள். கலாமுக்கு அப்போது வயது 31. பட்டம் பெற்று வேலையிலும் இருந்தவரை மாணவர் என்பது பொருந்துமா என்று கேட்கலாம். ராக்கெட் துறையில் அன்று இந்தியாவில் எவரும் மாணவரே என்பதுதான் அதற்கு விடை.

புறப்படுமுன் கலாம் இராமேசுவரம் சென்றதையும், தந்தை ஜைனுலாப்தீன் அவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று சிறப்புத் தொழுகைக்கு ஏற்பாடு செய்ததையும், அக்காள் கணவர் ஜலாலுதீனும் உறவினர் சம்சுதீனும் பம்பாய் விமான நிலையம்வரை வந்து வழியனுப்பியதையும் ‘அக்னிச் சிறகுகள்’ நூல் பதிவு செய்கிறது. அவர்கள் இருவருக்கும் பம்பாய் போன்ற பெருநகரம் அதுவே முதல்முறை. ஒருவர் நியூயார்க்கை முதன்முதலில் காணப் புறப்படுகையில், அவரை அனுப்ப வந்தவர்கள் பம்பாயை முதன்முதலில் கண்டார்கள் என்பது, அக்காலத்தில் ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் அயல்நாடு செல்வது எத்தனை பேரை ஊரைவிட்டு வெளியே இழுத்தது என்பதைக் காட்டுகிறது.

ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்த கலாமின் பயிற்சி மூன்று இடங்களில் நடைபெற்றது: வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டனில் உள்ள லாங்லி ஆய்வு மையம், மேரிலாந்து மாநிலத்து கிரீன்பெல்ட்டில் உள்ள கோடார்டு விண்வெளி மையம், இறுதியாக அட்லாண்டிக் கரையில் உள்ள வாலப்ஸ் தீவு. முதலிரண்டும் ஆய்வும் வடிவமைப்பும் நிகழும் இடங்கள். வாலப்ஸ்தான் ராக்கெட் மெய்யாகவே மண்ணைவிட்டுக் கிளம்பும் இடம். 1945 முதல் ராக்கெட்டுகள் ஏவப்பட்டு வந்த அத்தீவு மணலும் உப்புக் காற்றும் மீன்பிடி ஊர்களும் கொண்டது. அதாவது தும்பாவைப் போன்ற நிலம். பெருநகர் ஒன்றின் கூடத்தில் அமர்ந்து கேட்டிருந்தால் பாதிதான் விளங்கியிருக்கும். மணலில் ஏவுமேடை எவ்வாறு ஊன்றப்படுகிறது, காற்றின் விசைக்கேற்ப அதன் சாய்வு எவ்வாறு திருத்தப்படுகிறது, எரிந்து கழியும் முதற்கட்டம் எங்கே விழும், அப்பகுதியில் படகுகள் வராமல் எவ்வாறு காப்பது என்பவையெல்லாம் கடற்கரையில் நின்று கற்க வேண்டியவை.

கற்க வேண்டியதும் ஆளுக்கு ஆள் பிரிக்கப்பட்டிருந்தது. ஆராவமுதனின் பொறுப்பு ராடாரும் தொலையளவியலும். பறக்கும் ராக்கெட்டில் உள்ள கருவிகள் அளப்பதை வானொலி அலையாக மாற்றித் தரைக்கு அனுப்ப, அதைத் தரையில் பிடித்து மீண்டும் எண்களாக்குவதே தொலையளவியல். கலாமுக்குரியவை ராக்கெட்டின் பாகங்களை ஒருங்கிணைப்பதும் பாதுகாப்பும். ஈஸ்வரதாஸ் என்னும் மற்றொருவர் ராக்கெட்டைக் கோத்து ஏவுதலுக்கு ஏற்பாடு செய்யும் பணியைப் பயின்றார். எவரும் எல்லாவற்றையும் பார்க்கச் செல்லவில்லை. திரும்பிய மறுநாள் தான் நிற்க வேண்டிய இடம் எது என்று அறிந்தே ஒவ்வொருவரும் சென்றார்கள். இப்பயணத்தின் சிறப்பு முழுவதும் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

அயல்நாட்டு வாழ்வின் இடர்களும் இல்லாமலில்லை. மரக்கறி உணவினரான இவ்விளைஞர்கள் மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த பீன்ஸ், பட்டாணி, ரொட்டி, பால் ஆகியவற்றைக் கொண்டே வாலப்ஸில் காலம் தள்ளியதை ஆராவமுதன் 2017இல் வெளிவந்த தம் நூலில் நினைவுகூர்கிறார். மீன் மணக்கும் இராமேசுவரத்தில் பிறந்தும் மரக்கறியைக் கைக்கொண்டிருந்த கலாமுக்கும் அதே உணவுதான்.

வாலப்ஸ் வரவேற்புக் கூடத்தில் தொங்கிய ஓர் ஓவியம் கலாமின் கண்ணில் பட்டது. போர்க்களக் காட்சியின் பின்னணியில் ராக்கெட்டுகள் பறக்க, அவற்றை ஏவியவர்கள் வெள்ளையர்களாக இல்லாமல் கருநிறத்தவர்களாக இருந்தனர். அருகே சென்று பார்த்தபோது அது ஆங்கிலேயரை எதிர்த்த திப்பு சுல்தானின் படை என்று விளங்கியது. இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து ஏவிய மைசூர் ராக்கெட்டுகள் 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கும்பினிப் படையைக் கலங்கடித்தவை. பின்னர் இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளை வடிவமைக்க அவையே தூண்டுகோலாயின. திப்புவின் சொந்த நாட்டில் மறக்கப்பட்ட செய்தி, உலகின் மறுபுறத்தில் சுவரில் மாட்டிப் போற்றப்பட்டதை அவர் வியந்து எழுதியிருக்கிறார். தன் நாட்டைப் பற்றிய ஒன்றை அயல்நாட்டில் கற்பது கல்விப் பயணத்தில் எவரும் திட்டமிட இயலாத பகுதி.

அவர்கள் திரும்பி வந்த தும்பாவில் கட்டடங்கள் என்று சொல்லத்தக்கவை புனித மகதலேனா மரியாள் தேவாலயமும் அதைச் சார்ந்த ஆயர் இல்லமுமே. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவின் இசைவாலும், தலைமுறைகளாக வாழ்ந்த இடத்தை விட்டுக்கொடுத்த பள்ளித்துறை மீனவக் குடும்பங்களாலும் அவை ஏவுதளத்துக்குக் கிடைத்தன. வாலப்ஸின் பயிற்சியைவிட அம்மீனவர்கள் தந்தது சிறிதன்று. 1963 நவம்பர் 21 அன்று தேவாலயத்துள் கோக்கப்பட்ட நைக்-அப்பாச்சி என்னும் இரண்டு கட்ட ராக்கெட்டை ஏவுமேடையில் ஏற்றும் நேரத்தில் பாரந்தூக்கியின் எண்ணெய் அழுத்த அமைப்பில் கசிவு ஏற்பட்டது. பழுது பார்க்க நேரமில்லாமல், கூடியிருந்தவர்கள் தோள்கொடுத்துத் தூக்கி அதை மேடையில் வைத்தார்கள். மாலை 6.25 மணிக்கு ராக்கெட் கிளம்பியது.

அந்தி நேரம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. பிரான்சு நாட்டுக் கருவி உயர்வானில் சோடியம் ஆவியை உமிழ்ந்தது. தரை இருண்டுவிட்ட அவ்வேளையிலும் நூறு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் இருப்பதால், அந்த ஆவி சூரிய ஒளியை வாங்கிச் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. அந்தக் கீற்று எப்பக்கம் வளைகிறது என்று பல இடங்களிலிருந்து படமெடுத்தால், வேறு எவ்வகையிலும் புலப்படாத உயர்வானத்துக் காற்றின் திசையும் வேகமும் கணக்கில் வந்துவிடும். அவ்வளவு உயரத்தில் ஒளிரும் ஒன்று, மேற்கு வானம் தெளிவாக இருந்தால், நெய்யாற்றின் கரையில் நிற்பவர் கண்ணுக்கும் எட்டக் கூடியது.

அயல்நாடு சென்ற எல்லாருக்கும் இவ்வாறு திரும்பி வரும் வாய்ப்புக் கிட்டவில்லை. இதே திருவனந்தபுரத்தில் 1891இல் நாஞ்சில் நாட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன், 1908இல் பள்ளிப் பருவத்திலேயே ஸ்டிரிக்லண்டு என்னும் ஆங்கிலேய உயிரியலாளருடன் ஐரோப்பா சென்று, விடுதலைப் போராட்டத்தில் மூழ்கி, 1934இல் பெர்லினில் இறந்தார். அவருடைய சாம்பல்தான் 1966இல் தாய்நாடு திரும்பியது. அது ஈகம்; அதனை எந்தக் கல்விப் பயணத்தோடும் ஒப்பிட்டு அளப்பது முறையாகாது. எனினும், சென்றவர் திரும்பி வந்து பணிபுரிய ஒரு நாடு காத்திருந்தது என்பது 1963ஆம் ஆண்டினருக்கு மட்டும் கிட்டிய பேறு. ஆராவமுதன் பின்னாளில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்தின் இயக்குநரானார். கலாமின் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3, 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.

இன்று இத்தகைய பயணங்கள் பெருகியுள்ளன. ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் 2024இல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்காகச் சென்று வந்தனர். 1963ஆம் ஆண்டினருக்கு அமைந்ததுபோல, அனுப்புவோர் ஒவ்வொரு மாணவருக்கும் திரும்பியபின் செய்ய வேண்டிய வேலை ஒன்றைப் புறப்படுமுன்பே குறித்துத் தர வேண்டும். தும்பா தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. ஒற்றசேகரமங்கலத்திலிருந்தோ பாறசாலையிலிருந்தோ அயல்நாட்டுக்கு முதன்முறையாகப் புறப்படும் மாணவர், விமானம் ஏறுவதற்கு முன் ஒரு நாளை ஒதுக்கி அங்கே சென்று, அந்த ராக்கெட் கோக்கப்பட்ட கூடத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டுச் செல்லட்டும்.