ஆக்ஸில் உடைஞ்சா அவ்வளவுதான்... மிரட்டும் ரூபிகான் மலைப்பாதை!

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சியரா நெவாடா மலையில் இருக்கும் ரூபிகான் டிரெயிலுக்குப் போனால் அதன் அர்த்தம் புரியும். டாஹோ ஏரியை நோக்கிப் போகும் இந்தப் பாதையின் நீளம் சுமார் 35 கி.மீ-தான். ஆனால், வழியெங்கும் கிரானைட் பாறைகள் கிடப்பதால், பலர் ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கித்தான் கடக்கிறார்கள்.

பெரிய ஜீப்களுக்கு நடுவே இங்கே ஏறும் குட்டி வண்டி, சுஸுகி சாமுராய். நம்மூர் போலீஸும் ராணுவமும் ஓட்டிய மாருதி ஜிப்ஸியின் உடன்பிறப்பு! எடை சுமார் ஒரு டன்தான் என்பதால், குறுகலான பாறை இடுக்கிலும் நுழைந்துவிடும்.

அடிப்பாகம் பாறையில் இடிக்காமலிருக்க இதில் பெரிய டயர் மாட்டுகிறார்கள். சிக்கலே அங்கேதான். டயர் பெரிதாகப் பெரிதாக, ஆக்ஸில் தாங்க வேண்டிய முறுக்கு விசையும் கூடும். சக்கரம் பாறையில் சிக்கியிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், ஒல்லியான ஷாஃப்ட் 'டப்'பென்று முறிந்துவிடும்.

அதனால், பழைய டொயோட்டா பிக்கப் வண்டியின் தடித்த ஆக்ஸில்களை சாமுராய்க்கு மாற்றுகிறார்கள். ஸ்பிரிங் தாங்கிகளை வெல்டிங் செய்து, பிரேக் குழாய், புரொப்பல்லர் ஷாஃப்ட் வரை மாற்ற வேண்டும். எடை கொஞ்சம் ஏறும். ஆனால், சக்கரங்களுக்கு இடையே அகலம் கூடுவதால், சரிவில் கவிழும் பயம் குறையும்.

ரூபிகான் ஊற்றைத் தாண்டினால் காடிலாக் ஹில் ஏற்றம். முன்பு இங்கே விபத்தில் சிக்கிய ஒரு காடிலாக் காரால் வந்த பெயர் அது! ஆக்ஸில் முறிந்தால் சாதாரண டோயிங் வண்டி இங்கே ஏறாது. கையிலிருக்கும் ஸ்பேனரும், பின்னால் வருபவர்களின் உதவியும்தான் துணை!