கத்தியை அறிந்தவர்

கத்தியை விரும்புவோர் உலகெங்கும் உளர். அழகிய கைப்பிடிக்காக வாங்குவோர் சிலர். பளபளக்கும் அலகுக்காக வாங்குவோர் சிலர். வாங்கியதைப் பேழையுள் வைத்துப் பிறருக்குக் காட்டி மகிழ்வோர் சிலர். ஆயினும், விருப்பம் வேறு, அறிவு வேறு. நல்ல கத்தி எது எனத் தேர்ந்து சொல்லும் திறன், பெரும்பாலும் அதனைக்கொண்டு நாள்தோறும் உழைப்பவரிடமே குடிகொண்டிருக்கிறது.

இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மலைகள் தோட்டங்களாக மாறத் தொடங்கியபின், மதுரை, திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மலையேறி வந்தன. காட்டைத் திருத்திச் செடியை வளர்த்த அக்கைகளில் இருந்த கருவிகளுள் ஒன்று கவாத்துக் கத்தி.

தேயிலை, வெட்டாமல் விட்டால் மரமாக உயரும் இயல்புடையது. கொழுந்து கைக்கெட்டும் உயரத்தில் கிடைப்பதற்காகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை வெட்டித் தாழ்த்துவர். இதுவே கவாத்து. கிளையைச் சாய்வாகவும் ஒரே வீச்சிலும் வெட்ட வேண்டும். வெட்டுவாய் வழவழப்பாக இருப்பின் மழைநீர் வழிந்தோடும். காயமும் விரைவில் ஆறும். கத்தி மழுங்கியிருப்பின் கிளை பிளக்கும், பட்டை உரியும், அப்பிளவின் வழியே நோய் புகும். ஆதலால், தேர்ந்த கவாத்துக்காரர் வெட்டியபின் கத்தியைப் பாரார், கிளையையே பார்ப்பார். வெட்டின் தன்மையே கத்தியின் தன்மையைக் கூறிவிடும்.

பாலக்காட்டுச் சமவெளியில் பனையும் தென்னையும் ஏறுவோர்க்கும் இது பொருந்தும். பாளையின் நுனியை நாள்தோறும் மெல்லிய தாள்போலச் சீவினால்தான் சாறு இடையறாது சொட்டும். தடிப்பாகச் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். மழுங்கிய கத்தியால் நசுக்கினால் சாறு குன்றும். கவாத்துக் கத்தி பாளைக்கு உதவாது. பாளைக் கத்தி கவாத்துக்கு உதவாது. எத்தொழிலுக்கு எக்கத்தி என அறிவதே தேர்ச்சியின் முதற்படி.

இரண்டாம் படி, இரும்பை அறிதல். கொல்லர் இரும்பை உலையில் சிவக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வடிவாக்குகிறார். பின்னர் மீண்டும் காய்ச்சி, நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கிறார். இதற்குத் தோய்ச்சல் என்று பெயர். தோய்ச்சல் மிகுந்தால் அலகு கடினமாகும். ஆனால் அடிபட்டால் சில்லாகத் தெறிக்கும். தோய்ச்சல் குறைந்தால் தெறிக்காது. ஆனால் விரைவில் மழுங்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதத்தைக் கண்டவரே நல்ல கொல்லர். பழைய லாரிப் பட்டையிலிருந்து அடிக்கப்பட்ட கரிய கத்தி, கடையில் மின்னும் கத்தியைவிட நெடுநாள் கூர்மை காப்பது உண்டு. ஆனால் அதனைத் துடைத்து, எண்ணெய் பூசி, சாணை பிடித்துப் பேண வேண்டும். பேணுதலே மூன்றாம் படி.

இவ்வறிவு இந்நிலத்திற்குப் புதிதன்று. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்னும் ஊர் உள்ளது. அங்கு நடந்த அகழாய்வில் 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இரும்பு உலைகள் வெளிப்பட்டன. இந்திய உருக்கின் புகழ் ஐரோப்பாவையும் எட்டியது. 1820ஆம் ஆண்டை ஒட்டி, அறிவியலறிஞர் மைக்கேல் ஃபாரடே, லண்டனில் கத்தி செய்து வந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் இணைந்து அவ்வுருக்கின் இயல்பை ஆராய்ந்தார்.

புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் இரு மன்னரின் படைக்கருவிகளை ஒப்பிடுகிறார். தொண்டைமானின் கருவிகள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மனையில் இருந்தன. அதியமானின் கருவிகளோ போரில் நுனி முறிந்து கொல்லர் பட்டறையில் கிடந்தன. உழைத்த கருவி எது என்பதைப் புலவர் சொல்லாமலே உணர்த்திவிட்டார்.

இன்று தோட்டங்களில் கவாத்துக்கு எந்திரங்கள் வந்துவிட்டன. அவை உழைப்பவரின் களைப்பைக் குறைக்கின்றன; அது நன்றே. ஆனால் கையும் கண்ணும் கற்ற நுண்ணறிவு, கேட்பாரின்றி மறையக்கூடும். அது நூல்களில் மிகுதியாக எழுதப்படவில்லை. பாட்டனார், பாட்டியாரின் நினைவிலேயே வாழ்கிறது. அலகு ஏன் வளைந்திருக்கிறது, பிடிக்கு இம்மரம் ஏன், பூண் எதற்கு எனப் பேரக்குழந்தைகள் கேட்டால் விடை கிடைக்கும்.

லயத்தின் கூரையிடுக்கில் செருகப்பட்ட பழைய கத்தியின் அலகு சாணையில் தேய்ந்து ஒடுங்கியிருக்கலாம். அறியாதவர் அதனைப் பயனற்ற இரும்பு என்பர். கத்தியை அறிந்தவரோ அத்தேய்வைக் கண்டு, எத்தனை செடிகள் அதனால் தளிர்த்திருக்கும், எத்தனை நாள் அடுப்பு எரிந்திருக்கும் எனக் கணக்கிடுவர்.