ஞானப்பல் கழற்றப் போகிறீர்களா?



பற்கள் எத்தனை என்று கேட்டால் முப்பத்திரண்டு என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அந்தக் கணக்கு எல்லோருக்கும் சரியாக வருவதில்லை. கடைசிக் கடைவாய்ப் பற்கள் நான்கும் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கின்றன. சிலருக்கு அவை முளைப்பதே இல்லை. புத்தி முதிரும் பருவத்தில் வருவதால் தமிழில் ஞானப்பல் என்கிறோம். அரபியிலும் ழிர்ஸுல் அக்ல், அதாவது அறிவின் கடைவாய்ப்பல் என்றே பெயர். தஜ்வீத் நூல்கள் இவற்றை நவாஜித் என்று குறிப்பிடுகின்றன.

தாடையில் இடம் போதாவிட்டால் இந்தப் பல் சரிந்தோ, பாதி முரசுக்குள் மறைந்தோ நின்றுவிடும். அந்த இடுக்கில் உணவு தங்கி முரசு வீங்கும். முன்னால் உள்ள நல்ல பல்லும் சூத்தையாகும். அதற்காக எல்லோரும் கழற்ற வேண்டும் என்பதில்லை. நோயில்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே கழற்றும் வழக்கத்தை நிறுத்தும்படி பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவியும் தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் இதே நிதானத்தையே போதித்தார். முதலில் மருந்து செய்து பாருங்கள்; வலிப்பது எந்தப் பல் என்பதை உறுதி செய்யாமல் பிடுங்காதீர்கள் என்பது அவர் சொன்னதன் கருத்து.

எனக்குத் தொல்லை தந்தது இடப்பக்கக் கீழ்ப்பல். நாலந்தாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும்போது வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. மாத்தளையில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பல் படுக்கையாகக் கிடந்தது. பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தார்கள்.

“பல்லக் கழட்டினா கண் பார்வ போய்டும் மகன்” என்றார் உம்மா. நம் ஊர்களில் பலரும் இப்படித்தான் பயப்படுகிறார்கள். பார்வைக்குரிய நரம்பு வேறு, பல்லுக்குரிய நரம்பு வேறு. பல்லைக் கழற்றுவதால் கண் பார்வை குறையாது என்று உம்மாவுக்குச் சொன்னேன். ஆனால் எனக்கு வேறொரு பயம் இருந்தது.

கீழ் ஞானப்பல்லை ஒட்டி இரண்டு நரம்புகள் செல்கின்றன. ஒன்று கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு தருவது. மற்றது நாவின் பக்கத்துக்கு உரியது. ழாத் எழுத்தோ நாவின் ஓரம் மேல் கடைவாய்ப் பற்களோடு சேரும் இடத்தில் பிறக்கிறது. நாவின் ஓரம் விறைத்துப் போனால் ஓதிக்கொடுப்பது எப்படி? இதைப் பல் வைத்தியரிடம் வெளிப்படையாகவே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. படத்தில் வேரையும் கீழுதட்டு நரம்பு போகும் பாதையையும் காட்டினார். நாவின் நரம்பு படத்தில் தெரியாது என்றும், அந்தப் பக்கத்தில் கவனமாக வேலை செய்வதாகவும் சொன்னார். சிலருக்குச் சில வாரங்களோ மாதங்களோ உணர்வு குறையலாம், பெரும்பாலும் திரும்பிவிடும், நிரந்தரமாவது அரிது என்றார். நாவை அசைக்கும் நரம்பு வேறு என்றும் விளக்கினார். அதன் பிறகே சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட்டேன்.

நீங்களும் இப்படிக் கேளுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய், இரத்தத்தை இளக்கும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

விறைப்பு ஊசி போடும்போது சற்று வலிக்கும். அதன் பின் அழுத்துவதும் அசைப்பதும் தெரியுமே தவிர கூர்மையான வலி தெரியாது. தெரிந்தால் கையை உயர்த்துங்கள், இன்னும் மருந்து போடுவார்கள். முரசைக் கீறி, தேவைப்பட்டால் சிறிது எலும்பை அகற்றி, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையல் போடுவார்கள். இயந்திரத்தின் சத்தம்தான் மனதைக் கலக்கும். அந்த நேரம் நான் திக்ரில் இருந்தேன்.

பல்லை எடுத்த குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் புண்ணுக்கு மூடி. அதைக் காப்பதே முதல் நாள் வேலை. வைத்த பஞ்சை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை கடித்திருங்கள். அன்று முழுவதும் வாய் கொப்பளிக்காதீர்கள், துப்பாதீர்கள், உறிஞ்சிக் குடிக்காதீர்கள். வெற்றிலை, சிகரெட் கூடவே கூடாது. வெளியே கன்னத்தில் ஐஸ் வைக்கலாம். கஞ்சியை ஆறவைத்துக் குடியுங்கள். மறுநாள் முதல் இளஞ்சூடான உப்பு நீரை வாயில் வைத்து மெதுவாக விடுங்கள்.

இங்கே பலருக்கு ஒரு சந்தேகம் வரும். வுழூச் செய்யும்போது கொப்பளிக்க வேண்டாமா? நமது ஷாபிஈ மத்ஹபில் வுழூவிலும் குளிப்பிலும் வாய் கொப்பளிப்பது ஸுன்னத், பர்ழு அல்ல. அன்று அதை விட்டாலும் வுழூ நிறைவேறும். ரமழானாக இருந்து அவசரமில்லாவிட்டால் பெருநாளுக்குப் பின் நாள் கேளுங்கள். இரத்தத்தை விழுங்கினால் நோன்பு முறியும். அவசரமென்றால் நோயாளிக்குச் சலுகை உண்டு, பின்னர் கழாச் செய்யலாம்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் கூடுதலாக இருக்கும். பின்பு வற்றும். வாய் முழுதாகத் திறக்க ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். குறைந்து வந்த வலி மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் திடீரென ஏறி, வாயும் நாற்றமெடுத்தால் இரத்தக்கட்டி கழன்றிருக்கலாம். வைத்தியரிடம் போனால் மருந்து வைப்பார். இரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சலுடன் வீக்கம் கூடினாலோ தாமதிக்க வேண்டாம். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமானால் இரவானாலும் வைத்தியசாலைக்கு ஓடுங்கள். பல்லில் தொடங்கிய கிருமி கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

எனக்கு நாவின் இடது ஓரம் ஐந்து வாரம் மரத்திருந்தது. அந்த நாட்களில் மூத்த மாணவனை ஓதவிட்டுப் பக்கத்தில் அமர்ந்து திருத்தினேன். அல்ஹம்துலில்லாஹ், ஆறாவது வாரம் உணர்வு திரும்பியது. உங்கள் வீட்டில் யாராவது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, பயத்தால் பனடோலோடு நாளைக் கடத்தினால், இதை வாசித்துக் காட்டி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவரைத் தனியே விடாதீர்கள்.