ஐயையின் அம்மா

பெரியம்மா சிலப்பதிகாரத்தைப் புகாரிலிருந்து தொடங்கமாட்டாள். இந்திர விழா, மாதவியின் அரங்கேற்றம், கானல்வரி எல்லாவற்றையும் தாண்டி, மதுரைக் கோட்டைக்கு வெளியே ஒரு சாயங்காலத்தில் எங்களைக் கொண்டுபோய் இறக்கிவிடுவாள். இயக்கிக்குப் பால்மடை படைத்துவிட்டு ஆயர்குலத்து முதுமகள் ஒருத்தி திரும்பி வருகிறாள். வழியில் சமணத் துறவி கவுந்தியடிகளைக் கண்டதும் காலில் விழுந்து வணங்குகிறாள். எங்கள் வீட்டில் கதை அங்கேதான் ஆரம்பம். அந்த முதுமகள் பெயர் மாதரி.

கேட்கிற ஆட்கள் நானும் அக்காவும். அக்கா பெரியம்மா பெற்ற மகள். நான் பெரியம்மாவின் தங்கை மகள். அம்மா முகம் எனக்கு நினைவில்லை. விவரம் தெரிந்ததிலிருந்து பழங்காநத்தத்தில் பெரியம்மா வீடுதான் என் வீடு. பெரியம்மா பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தினாள். சாயங்காலம் வந்து முகம் கழுவி, திருநீறு பூசி, அடுப்படி வாசலில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தால் கதை வரும். எங்கள் பக்கத்திலேயே கோவலன் பொட்டல் என்று ஓர் இடம் உண்டு. கோவலனை வெட்டியது அங்கேதான் என்று ஊரில் சொல்வார்கள். தொல்லியல் துறை அங்கே தோண்டிப் பார்த்ததெல்லாம் பின்னால் நடந்தது. எங்களுக்கு அப்போது அது கடைக்குப் போகிற வழியில், வேகமாகக் கடந்துவிட வேண்டிய ஒரு வெட்டவெளி. அதனால் இந்தக் கதை எனக்கு எந்தக் காலத்திலும் பழங்கதையாக இருந்ததில்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் நடந்தது அது.

கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கிற இடத்தில் பெரியம்மா காய் நறுக்குவதை நிறுத்திவிடுவாள். இந்தப் பெண் வெயில் படாமல் வளர்ந்தவள், நடந்து நடந்து நாக்கு வறண்டு போயிருக்கிறாள், ஆனாலும் புருஷனுக்காக வருந்துகிறாளே தவிரத் தனக்காக ஒரு சொல் சொல்லவில்லை. இவளைக் குளிக்க வை, கண்ணுக்கு மை தீட்டு, கூந்தலில் பூ முடி, நல்ல துணி உடுத்தக் கொடு, தோழியாகவும் காவலாகவும் தாயாகவும் நீயே இரு என்று கவுந்தி சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். சொல்லும்போது என்னைப் பார்க்கமாட்டாள். அரிவாள்மனையைத்தான் பார்ப்பாள். எனக்கோ தலையில் பூ வைக்கிற அந்த இடம் வந்ததும் கை தானாகச் சடைக்குப் போகும். காலையில் எனக்கும் அக்காவுக்கும் ஒரே முழம் மல்லிகையைச் சரிபாதியாகக் கிள்ளி வைத்தவள் அவள்தான்.

கண்ணகியைப் பெற்றவளுக்கு இளங்கோ ஒரு பெயர்கூடத் தரவில்லை. மாநாய்கன் மகள், மாசாத்துவான் மருமகள் என்று அப்பாக்களின் பெயர்கள்தான் நிற்கின்றன. பாலும் மோரும் விற்கிற குடியில் பிறந்த மாதரிக்குப் பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது, பேச்சு இருக்கிறது, ஐயை என்று ஒரு மகள் இருக்கிறாள். காப்பியத்தை நானே எடுத்துப் படிக்கிற வயது வந்தபோது இது என்னை உலுக்கியது. 1892ல் உ.வே.சா. ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு இந்நூலை அச்சிட்டதைப் பற்றி எத்தனையோ பேர் நன்றியோடு எழுதியிருக்கிறார்கள். என் நன்றி, அந்த ஏடுகளில் கொலைக்களக் காதையின் தொடக்கம் செல்லுக்கு இரையாகாமல் வந்து சேர்ந்ததற்கு.

அந்தத் தொடக்கம்தான் எங்களுக்கு உயிர். மாதரி தன் வீட்டிலேயே தனியாகச் செம்மண் பூசிய ஒரு சின்ன மனையைக் கண்ணகிக்கு விட்டுக்கொடுக்கிறாள். தானே அவளைக் குளிப்பாட்டுகிறாள். என் மகள் ஐயை உனக்குத் துணை, உன்னைப் பொன்னாக வைத்துப் பார்த்துக்கொள்வேன், இனி உனக்கு என்ன கவலை என்கிறாள். பிறகு சமையலுக்குப் புதுப் பாத்திரங்களும், பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால், நெய் என்று எல்லாமும் வந்து சேர்கின்றன. பெரியம்மா இந்தப் பட்டியலை ஒன்று விடாமல் சொல்லுவாள். எங்கள் வீட்டில் அன்றைக்குக் கத்தரிக்காய் மட்டும்தான் இருக்கும். ஆனாலும் கண்ணகி வீட்டுச் சமையல் வாசம் அடிக்கும்.

கண்ணகி காய் அரிந்து அரிந்து விரல் சிவந்துபோகிறது. முகம் வியர்க்கிறது, புகையில் கண் கலங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்து வைக்கோலைப் போட்டு அடுப்பை மூட்டிவிடுகிறவள் ஐயை.

"அது நான்" என்பாள் அக்கா.

எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைப்பது அக்கா வேலை. எனக்கு நெருப்பென்றால் பயம். அதனால் அவள் ஐயை, நான் கண்ணகி. இந்தப் பங்கீட்டை யாரும் செய்யவில்லை, அதுவாக அமைந்தது. நேற்று வந்தவளுக்கு அம்மா தனி மனை கொடுக்கிறாள், குளிப்பாட்டுகிறாள், பொன் என்கிறாள். பெற்ற மகள் முகம் சுளிக்காமல் அவளுக்கு அடுப்பு மூட்டுகிறாள். மாதரியின் அன்பைப் பேசுகிறவர்கள் ஐயையின் மனசைப் பேசுவதில்லை. நான் பேசுவேன். ஒரு பாயில் எனக்காக நகர்ந்து படுத்த ஒருத்தியைத் தெரிந்தவள் நான்.

குமரி வாழைக் குருத்தை விரித்து, பனையோலைத் தடுக்கில் கோவலனை உட்காரவைத்துக் கண்ணகி பரிமாறுகிறாள். அம்மாவும் மகளும் தள்ளி நின்று கண்ணாரப் பார்க்கிறார்கள். அத்தோடு பெரியம்மா எழுந்துவிடுவாள். "மிச்சம் நாளைக்குத்தா" என்பாள். மறுநாள் மறுபடி இயக்கிக் கோயிலிலிருந்து மாதரி வருவாள்.

மிச்சம் சினிமாக் கொட்டகையில் தெரிந்தது. 1964ல் வந்த 'பூம்புகார்' எங்கள் பக்கம் மறுபடி ஓடியது. கவுந்தியடிகளாகக் கே.பி. சுந்தராம்பாள் திரையில் நடந்து வந்ததும் பெரியம்மா கைகூப்பினாள். வெட்டு விழுந்தபோது நான் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அக்கா கேட்டாள்: "இவ்வளவும் நடக்கையில மாதரி எங்கம்மா இருந்தா?"

அதன்பிறகுதான் பெரியம்மா முழுக்கதையும் சொன்னாள். பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, மாட்டின் கண்ணில் நீர், கழுத்து மணி அறுந்து விழுகிறது. ஏதோ கெட்டது வருகிறது என்று மாதரிக்குத் தெரிந்துவிட்டது. கறவையும் கன்றும் துயர் நீங்கட்டும் என்று, கண்ணகி பார்க்க, மகளையும் சேர்த்துக் குரவை ஆடவைக்கிறாள். ஆட்டம் முடிந்து, பூவும் புகையும் சாந்தும் எடுத்துக்கொண்டு திருமாலைத் தொழ வைகைத் துறைக்குப் போகிறாள். அந்த நேரத்தில்தான் கோவலன் வெட்டுண்ட சேதி வருகிறது. பள்ளிப் பாடத்தில் இதெல்லாம் இருக்காது. அரசவையில் சிலம்பை உடைக்கிற கண்ணகியைத்தான் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்கிறோம். அந்த ஆவேசத்துக்குச் சில மணி நேரம் முன்னால் அதே பெண் ஒரு வீட்டில் செல்லப்பிள்ளையாக இருந்தாள் என்பது தெரியாமல் அந்த வழக்குரையைப் படித்து என்ன பயன்?

நள்ளிரவில் மாதரி தீப்பாய்ந்தாள். கோவலன் குற்றமற்றவன், அரசன்தான் தவறினான், என்னை நம்பித் தந்த பிள்ளையை நான் இழந்துவிட்டேன் என்று தன் சனத்திடம் சொல்லிவிட்டுப் போனாள். இந்த இடத்தில் தமிழாசிரியை காணாமல் போய்விடுவாள். "என்ன பொம்பளை இவ? வீட்டுல ஒரு புள்ள இருக்குல்ல? அதை யாரு பார்ப்பா?" என்று இளங்கோவடிகளைப் பிடித்துக்கொள்வாள். என்னை வளர்க்க எடுத்த நாளிலிருந்து அவளை உறுத்திய கேள்வி அது என்று இப்போது தோன்றுகிறது. அக்காவுக்குக் குறை வைக்கிறோமோ என்கிற பயம்.

இளங்கோ ஐயையை மறக்கவில்லை. கண்ணகியின் செவிலியும் அடித்தோழியும் பார்ப்பனத் தோழி தேவந்தியும் புகாரிலிருந்து தேடி வருகிறார்கள். மதுரையில் ஐயையைக் கண்டு தங்களோடு சேர்த்துக்கொண்டு, வைகைக் கரையைப் பிடித்து நடந்து, மலையேறிச் சேரநாட்டில் கண்ணகி கோயிலை அடைகிறார்கள். கடைசிக் காதையில் இன்னொன்று நடக்கிறது. அங்கே வந்த மூன்று சிறுமிகள் மேல் மறையோன் மாடலன் கரகத்து நீரைத் தெளிக்க, அவர்களுக்குப் போன பிறவி நினைவு வருகிறது. ஒருத்தி மாதரி. திருமால் கோயிலில் தொண்டு செய்யும் சேடக்குடும்பியின் மகளாகப் பிறந்திருக்கிறாள். வைகைக்குப் போய் வந்தேன், ஊர்ப் பிள்ளைகள் சொல்லக் கேட்டேன், வீட்டில் உன்னைக் காணோம், எங்கே ஒளிந்துகொண்டாய் என்று கண்ணகியைக் கேட்டு அந்தச் சின்னப்பெண் அழுகிறாள். பிறவி மாறியும் அவள் இன்னும் அந்த வீட்டு வாசலிலேயே நின்று தேடுகிறாள். நானும் அழுதேன்.

அக்கா அழவில்லை. "ஐயையப் பத்தி அந்தப் பாப்பா ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கல" என்றாள் பெரியம்மா.

"ஐயை அங்கதானே நின்னிருப்பா?"

"இளங்கோ சொல்லல தாயி."

"நின்னிருப்பா. பாப்பா அழுகுதுன்னு தூக்கி இடுப்புல வச்சிருப்பா."

"அதெல்லாம் புத்தகத்துல இல்ல."

"இல்லாட்டி நீ சொல்லும்மா."

பெரியம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். மறுமுறை கதை சொன்னபோது ஐயை அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் சிலப்பதிகாரம் அப்படித்தான் முடிந்தது. அக்கா தன் பேத்திகளுக்கு இன்றும் அப்படியே சொல்கிறாள்.