மைக் குத்துதுன்னா குரல்மேல பழி போடாதீங்க



நம்ம கோயில் இளைஞர்கள் சொந்தமா செஞ்ச கண்டென்சர் மைக் பத்தி நிறைய பேர் கேட்டுட்டீங்க. "தெளிவாதான் இருக்கு, ஆனா ச, ஸ, ஷ வந்தா காதுல ஊசி குத்துது"ன்னு. நான் கூலிம் பக்கம் ஃபேக்டரி சூப்பர்வைசர். படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும்தான், ஆனா சோல்டர் பிடிச்சுப் பழகுன கை. தெரிஞ்சத சொல்றேன்.

1960ல ஜெர்மனியில நாய்மன் கம்பெனி யூ-67னு ஒரு மைக் கொண்டு வந்தாங்க. அதுல இருக்குற கே-67 கேப்சூல், 10 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து சத்தத்த வேணும்னே தூக்கி எடுக்கும். பின்னால இருக்குற சர்க்யூட் அத திரும்ப இறக்கிடும். இறக்கும்போது சர்க்யூட்டோட இரைச்சலும் சேர்ந்து குறையும். புளி தூக்கலா வெச்சு, வெல்லம் போட்டு சமன் பண்ற மாதிரி.

மலிவா வர்ற நிறைய கிட்டுல அந்த கேப்சூல் நகல் மட்டும் இருக்கும், இறக்குற சர்க்யூட் இருக்காது. புளி இருக்கு, வெல்லம் இல்ல. போதாததுக்கு நம்ம மண்டபத்து டைல்ஸ் தரையும் சிமெண்டு சுவரும் அத எதிரொலிக்குது.

இதுல எனக்கு வருத்தம் என்னன்னா, கவசம் பாடுற வயசான அம்மா ஒருத்தங்க, "என் குரல் கீச்சுனு ஆயிருச்சு தம்பி, இனி பிள்ளைங்க பாடட்டும்"னு ஒதுங்கிட்டாங்க. அவங்க குரல்ல ஒரு குறையும் இல்ல.

நாங்க செஞ்சது மூணுதான். ஒண்ணு, மைக்க வாய்க்கு நேரா வெக்காம கொஞ்சம் சாய்ச்சு வெச்சோம். இந்த மாதிரி பெரிய கேப்சூல்ல பக்கவாட்டுல வர்ற கூர்மை குறையும். ரெண்டு, பிரீஆம்புக்கும் மிக்சர் லைன் இன்புட்டுக்கும் நடுவுல 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதுக்கு அப்புறம் கிரவுண்டுக்கு 22 நானோஃபாரட் கெப்பாசிட்டர். சுமார் 7,200 ஹெர்ட்ஸ்ல 3 டெசிபல் இறங்கும், அதுக்கு மேல இன்னும் இறங்கும். செலவு சில காசுதான். கவனம்: 48 வோல்ட் போற மைக் கேபிள்ல இத சேர்க்காதீங்க. மூணு, மிக்சர்ல "ஹை" குமிழ எல்லாருக்கும் ஒரே அளவுல விடாம, பாடுறவங்களுக்கு ஏத்த மாதிரி திருப்புறோம்.

ஒரேயடியா இறக்கவும் கூடாது. போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி ஆயிரும். மெய்யெழுத்து தெளிவுக்கு 2லிருந்து 4 கிலோஹெர்ட்ஸ் ரொம்ப முக்கியம், அதுல நாங்க பெருசா கை வெக்கல.

அதனால தேவார வகுப்பு பெற்றோர்களே, பிள்ளை பாடும்போது சத்தம் குத்துச்சுன்னா "மெதுவா பாடு"ன்னு அதட்டாதீங்க. முதல்ல சவுண்டு பார்க்குற தம்பிகிட்ட சொல்லுங்க. வெள்ளிக்கிழமை பூஜைக்கு அரை மணி நேரம் முன்னாடி வந்தா, ஒவ்வொருத்தர் குரலுக்கும் சரி பண்ணித் தர்றோம்.

முருகன் துணை.