எட்டு மாதக் கணக்கு

ஐசோட்ரெடினாயின் என்றெழுதி அதன் கீழ் இருமுறை கோடிட்டார் தோல் மருத்துவர். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதம். கொழுப்பு சேர்ந்த உணவோடு உண்டால்தான் உடலில் நன்கு சேருமாம்.

14 வயதில் வந்த பருக்கள் 31லும் போகவில்லை. கஸ்தூரி மஞ்சள், வேப்பிலை, பென்சாயில் பெராக்சைடு, டாக்சிசைக்ளின் யாவும் சில வாரம் தணித்தன. பிறகு தாடையோரம் மீண்டும் கனன்றன. "பருவத்தில் வருவதுதானே பரு" என்று தேற்றிய பெரியம்மாவும் இப்போதெல்லாம் அப்பேச்சை எடுப்பதில்லை.

வைட்டமின் ஏ-யின் உறவான இம்மருந்து 1982இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருக்கிவிடும். உதடு வறண்டு வெடிக்கும். கல்லீரலையும் இரத்தக் கொழுப்பையும் சோதித்துவர வேண்டும். இவை எனக்குப் பொருட்டல்ல. கருவிலிருக்கும் சிசுவைக் கடுமையாக ஊனப்படுத்தும் என்பதே பொருட்டு. தொடங்குமுன் ஒரு மாதம், முடித்தபின் ஒரு மாதம், இடைப்பட்ட காலம் முழுதும் கருத்தரிக்கலாகாது. தை பிறந்ததும் குழந்தைக்கு முயலலாமென்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம்.

"முகத்துக்காகவா தள்ளிப்போடுகிறாய்?" என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சினத்திலேயே முடிவெடுத்திருப்பேன். "உன் விருப்பம்" என்றார். அதுதான் கடினமாயிருந்தது.

அன்றிரவு கல்யாண ஆல்பத்தைப் புரட்டினேன். ஒரு படத்தில்கூட நான் நேராகப் பார்க்கவில்லை. பிள்ளையோடு எடுக்கும் முதல் படத்திலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேனோ?

ஒரு மாதம் கழித்து, நேற்று, கருப்பரிசோதனையில் இல்லையென்று வந்தது. நிம்மதியுற்றேன்; நிம்மதியுற்றதற்காகச் சற்று அழுதேன். இரவு தோசைக்கு நெய்யைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு முதல் மாத்திரையை விழுங்கினேன்.