எச்சில் பார்க்கிற பாட்டி

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் டம்ளரைத் தூக்கித்தான் காப்பி குடிக்கவேண்டும். உதட்டில் வைத்துவிட்டால் என் முகம் சுளித்துவிடும். "எச்சில் பார்க்கிற பாட்டி" என்று என் பிள்ளையே எனக்குப் பெயர் வைத்திருக்கிறான். அப்பேர்ப்பட்ட நான் போன மாதம் அடையாற்றில் செய்யப்போன காரியத்தைக் கேளுங்கள்.

முதல் பேரன் பிறந்திருந்தான். பெயர் வைக்கும் நாளன்று எனக்கு நல்ல ஜுரம், போக முடியவில்லை. ஜுரம் விட்டதும் தியாகராய நகரில் வெய்யிலோடு அலைந்து, வெள்ளிக் காப்பு வாங்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு ஓடினேன். உதட்டோரம் நாலைந்து சிறு கொப்புளங்கள். பல்லி எச்சம் பட்டிருக்கும் என்று லட்சியம் செய்யவில்லை. குழந்தையை வாரியெடுத்து முத்தம் கொடுக்கக் குனிந்தேன்.

"அம்மா, வேண்டாம்!"

மாட்டுப் பெண் குழந்தையை வாங்கிக்கொண்டுவிட்டாள். அதுவும் சம்பந்தியம்மாள் எதிரில்! எனக்கு எப்படி இருந்திருக்கும்? காப்பை ஊஞ்சலில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் நியாயம் கேட்கப் போனேன். அவர் என் உதட்டைத்தான் பார்த்தார்.

"இது ஹெர்பிஸ். சிறு வயதில் யாராவது ஆசையாகக் கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும்" என்றார்.

உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 64 பேரிடம் இந்த வைரஸ் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறதாம். ஒருமுறை புகுந்தால், முகத்துக்குப் போகும் நரம்பின் முடிச்சில் ஒளிந்துகொள்ளும். ஜுரம், வெய்யில், கவலை என்று சாக்குக் கிடைத்தால் உதட்டுக்கு வரும். பெரியவர்களுக்குப் பத்து நாளில் ஆறிவிடும். பிறந்து ஆறு வாரம் ஆகாத சிசுவுக்கோ மூளை, ஈரல் என்று பரவி உயிருக்கே உலை வைக்கலாம். மருந்து உண்டு, ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து உடனே நரம்பில் ஏற்றவேண்டும். கொப்புளம் இல்லாதபோதும் சில சமயம் ஒட்டும். இருக்கும்போது கேட்கவே வேண்டாம்.

வெளியே வந்தபோது கால் நடுங்கியது. டம்ளரில் எச்சில் பார்த்தவள், குழந்தையின் கன்னத்தில் பார்க்கவில்லையே! பச்சைக் குழந்தையைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் கண்ணாடியில் உங்கள் உதட்டைப் பாருங்கள்.

கொப்புளம் காய்ந்து உதிர்ந்த பிறகு மறுபடி அடையாறு போனேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். மாட்டுப் பெண் தானே குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் விட்டாள். அவன் கையில் நான் வாங்கிய காப்பு!

நான் குனியவில்லை. அவன் முகத்தை வழித்து நெட்டி முறித்தேன். பத்து விரலும் படபடவென்று சொடுக்கின. நம் பாட்டிமார் கற்றுக்கொடுத்த முத்தம் அதுதானே?